ஈரம் காயும் மூன்றாம் ஆண்டு

மருத்துவம், தாதிமை, மருந்தியல் என்று படிக்க வரும் பிள்ளைகள் இரக்கத்தோடுதான் வருகிறார்கள். வார்டுக்குள் நுழைந்த பிறகு அது எங்கே போகிறது? பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு பாட்டியின் காலிலிருந்து தொடங்குகிறது இந்தத் தேடல்.

பாட்டிக்கு 78 வயது. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து பால் வெட்டியவர். இப்போது பாயான் லெப்பாஸ் அடுக்குமாடியில் மகளோடு இருக்கிறார். தலைக்கு மேல் விமானம் இறங்கும் சத்தத்தை வைத்தே மணி சொல்வார். இருபது வருடத்து இனிப்பு நீர். வலது கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுக்கத் தொடங்கியதும், தீவிலுள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பக்கத்து வீடு என்ற உரிமையில் நானும் பார்க்கப் போயிருந்தேன்.

மாலை ஐந்து மணி. கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கையில் மடித்த தாள்கள். மருத்துவ மாணவன், நம் பையன். தமிழிலேயே கேட்டான்: "வலி பத்துக்கு எத்தனை, பாட்டி?"

பாட்டி மகளைப் பார்த்தார். "பத்துக்கு எத்தனைன்னா? எரியுது சாமி. ராத்திரியானா குளவி கொட்டுன மாதிரி சுருக்கு சுருக்குன்னு ஏறுது. போர்வை பட்டாக்கூட உசுரு போவுது."

"ஏழுன்னு போட்டுக்கலாமா?" என்றான். போட்டுக்கொண்டான். அடுத்த கட்டிலுக்குப் போனான். கெட்ட பிள்ளை இல்லை. அவன் தாளில் இன்னும் பல பெயர்கள் இருந்தன.

சற்று நேரத்தில் ரத்த அழுத்தம் பார்க்க ஒரு தாதி மாணவி வந்தாள். மலாய்ப் பெண், இருபது வயது இருக்கலாம். தமிழ் தெரியாது. பாட்டி முகம் சுளித்ததைப் பார்த்தவள், போர்வையைத் தூக்கி, விரலில் படாதபடி கட்டில் கம்பியில் மடித்துவிட்டாள். குதிகாலுக்குக் கீழே தலையணை வைத்தாள். "சாக்கிட் யா, பாட்டி?" (வலிக்கிறதா?) என்று கேட்டு, முழங்காலில் கை வைத்தபடி நின்றாள். ஒரு நிமிடம் இருக்கும். பாட்டியின் முகம் தளர்ந்தது.

அந்த ஒரு நிமிடத்துக்கான பில் உடனே வந்தது. நடைவழியில், எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி, மூத்தவர் ஒருவர் அவளைப் பிடித்துக்கொண்டார். இன்னும் நான்கு கட்டிலுக்கு பிபி எடுக்கவில்லை, இப்படி நின்று கதை பேசினால் வேலை எப்போது முடியும் என்று. அவள் தலை குனிந்து நின்றாள்.

மறுநாளும் அவள்தான் வந்தாள். பட்டையைச் சுற்றினாள், எண்ணைக் குறித்தாள், போனாள். நிற்கவில்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஈரமே இல்ல" என்பது கோப்பிக் கடையிலும் கோயில் மண்டபத்திலும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. அந்த இரண்டு மாலைகளைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை போய்விட்டது. முதல் நாள் அவளிடம் ஈரம் இருந்தது. கண்ணால் பார்த்தேன். காய வைத்தது எது?

வார்டுக்குப் போகும் வருடம்

இதை அளவுகோல் வைத்து அளந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் முகம்மத்ரேசா ஹோஜாத் என்ற உளவியலாளர், மாணவர்களின் பரிவை மதிப்பிட ஒரு வினாத்தாளை உருவாக்கினார். அவருடைய குழு 456 மாணவர்களைப் படிப்புக் காலம் முழுவதும் தொடர்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டது. முதல் இரண்டு ஆண்டுகளில் பெரிய மாற்றம் இல்லை. மூன்றாம் ஆண்டில் மதிப்பெண் சரிந்தது. பட்டம் வாங்கும்வரை பழைய இடத்துக்கு ஏறவே இல்லை.

மூன்றாம் ஆண்டில் என்ன நடக்கிறது? மாணவர்கள் வகுப்பறையை விட்டு வார்டுக்குள் வருகிறார்கள். புத்தகத்தில் இருந்த நோய்க்கு முகமும் பெயரும் வருவது அப்போதுதான். நியாயமாக இரக்கம் கூட வேண்டிய நேரம். அந்த நேரத்தில்தான் அது குறைகிறது.

இந்த முடிவை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே நிரப்பும் தாளை வைத்துச் சரிவு என்று சொல்வது மிகை என்று 2010இல் வேறு சில ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒருவேளை மூன்றாம் ஆண்டு மாணவனுக்குத் தன்னைப் பற்றிய மயக்கம் தெளிந்து, உண்மையைக் குறிக்கிறானோ என்னவோ. ஆனால் வார்டுக்குள் காலடி வைக்கும் அந்த வருடத்தில் ஏதோ ஒன்று மாறுகிறது என்பதை மறுப்பது கடினம்.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. டப்ளினில் மருத்துவத்தின் முதல் பகுதியை முடித்த மாணவர்களில் ஒரு பகுதியினர், நோயாளிகளிடையே படிக்க வந்து சேர்வது பினாங்குக்குத்தான். கெடாவில் படிக்கும் நம் பிள்ளைகள், இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் முடித்துவிட்டு ஹவுஸ்மேனாக (பயிற்சி மருத்துவராக) வரும் பிள்ளைகள், தாதியர், மருந்தாளர், பல் தாதியர் என எத்தனையோ பேர் இந்தத் தீவின் கட்டில்களைச் சுற்றி நின்றுதான் தொழில் கற்கிறார்கள். அவர்களின் மூன்றாம் ஆண்டு நம் பாட்டிகளின் கால்மாட்டில் நடக்கிறது.

■ பெட்டிச் செய்தி: தீவும் பயிற்சியும்

• 1947: பினாங்கில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நாட்டின் மூத்த பள்ளிகளில் ஒன்று.
• 1949: பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் பல் தாதியருக்கான பயிற்சி பினாங்கில் ஆரம்பம். "பல் மிஸி வந்துட்டாங்க" என்று கேட்டதும் மேசைக்கடியில் ஒளிந்த தலைமுறைகளின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.
• 1972: அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யூஎஸ்எம்) மருந்தியல் துறை உருவானது. பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வளாகம் எழுந்ததும் அதே ஆண்டில்.
• 1996: அயர்லாந்துக் கல்லூரிகளோடு இணைந்த பினாங்கு மருத்துவக் கல்லூரி தொடக்கம். இன்று அதன் பெயர் ஆர்சிஎஸ்ஐ–யூசிடி மலேசிய வளாகம்.
• 2001: அண்டை மாநிலமான கெடாவில், மஇகாவின் முயற்சியில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் உருவானது.

கிளிக்கு மார்க் கிடைக்கும்

மலாயில் 'பாயான்' என்றால் கிளி. 'லெப்பாஸ்' என்றால் விடுபட்டது. பறந்துபோன கிளியின் பெயரைச் சுமக்கும் ஊர் இது. மருத்துவக் கல்லூரிகளின் செய்முறைத் தேர்வைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிளி நினைவுக்கு வரும்.

'ஆஸ்கி' என்று மாணவர்கள் சொல்லும் அந்தத் தேர்வை 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்தினார். வரிசையாகச் சிறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள், மணி அடித்தால் அடுத்த அறை. சில அறைகளில் நோயாளி போல நடிக்கப் பழகியவர் உட்கார்ந்திருப்பார். தேர்வாளரிடம் ஒரு பட்டியல். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டானா, கண்ணைப் பார்த்துப் பேசினானா, "உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது" என்ற பொருளில் ஒரு வாக்கியமாவது சொன்னானா? சொன்னால் மார்க்.

இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் இதனால் கிடைத்த நன்மையும் உண்டு. மனப்பாடம் செய்து சொன்னாலும், நோயாளிக்குப் பேர் உண்டு, அனுமதி கேட்டுத்தான் தொட வேண்டும் என்பது ஒரு தலைமுறைக்கு வழக்கமாகிவிட்டது. நம் காலத்து மருத்துவர்கள் பலருக்கு அதுகூட இருந்ததில்லை. 1984இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிய சராசரி 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டது. 2018இல் வந்த இன்னோர் ஆய்வில் அது 11 விநாடி.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. தேர்வறையில் "புரிகிறது" என்று சொன்னதற்கு மார்க் வாங்கிய பிள்ளை, வார்டில் நின்று கேட்டதற்கு ஏச்சு வாங்குகிறது. எது உண்மையான பாடம் என்பதை இருபது வயதுப் பிள்ளை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடும். கிளி சொல்லைப் பிடித்துக்கொள்ளும். மனிதப் பிள்ளை சூழலைப் பிடித்துக்கொள்ளும்.

அவசரம் என்ற நோய்

1973இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பாதிரியார் ஆவதற்குப் படிக்கும் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேச அனுப்பினார்கள். அவர்களில் பாதிப்பேர் பேசவேண்டியது, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றி. போகும் வழியில் ஒருவர் குனிந்து இருமிக்கொண்டு, முனகியபடி கிடந்தார். அவரும் ஆய்வின் ஏற்பாடுதான்.

நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். 'இப்போதே தாமதம், ஓடுங்கள்' என்று அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான் நின்றார்கள். இரக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது பெரிதாக எந்த வித்தியாசத்தையும் ஏற்படுத்தவில்லை. கடிகாரம்தான் தீர்மானித்தது.

அரசாங்க மருத்துவமனையின் காலை நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வார்டு ரவுண்ட்ஸுக்கு முன் ரத்தம் எடுத்திருக்க வேண்டும், முடிவுகள் கோப்பில் இருக்க வேண்டும், ஒவ்வொரு கட்டிலின் கதையும் மூத்தவர் கேட்டவுடன் நாக்கில் வர வேண்டும். அந்த வேகத்தில் 'நிபோங் திபால் பாட்டி' என்பது '5ஆம் கட்டில், சர்க்கரைக் கால்' ஆகிவிடுகிறது. இப்படிச் சுருக்குவது கொடுமையால் அல்ல. அத்தனை பேரையும் பேரோடும் ஊரோடும் மனதில் சுமக்க முடியாது என்பதால். சுருக்கம் கையை வேகமாக்கும். ஆனால் அது பழகிப்போனால் கண்ணும் சுருங்கிவிடும்.

மேலிருந்து வழிவது

நடைவழியில் ஏச்சு வாங்கிய அந்தப் பெண்ணுக்குத் திரும்புவோம். அவளை ஏசியவரும் ஒரு காலத்தில் மாணவியாக இருந்தவர்தான். அவரும் யாரிடமோ அப்படி வாங்கியிருப்பார். மருத்துவக் கல்வியாளர்கள் இதை 'மறைந்திருக்கும் பாடத்திட்டம்' என்பார்கள்.

மலேசியாவில் இந்த ஏச்சைப் பற்றிய பேச்சு வெளியே வெடித்த ஆண்டு 2022. அந்த ஏப்ரலில் பினாங்கில் ஓர் இளம் பயிற்சி மருத்துவரின் மரணம் நாட்டை உலுக்கியது. அதற்குக் காரணம் இன்னது என்று இங்கே தீர்ப்புச் சொல்வது முறையல்ல. ஆனால் அந்தச் செய்தியைத் தொடர்ந்து, பகடிவதை பற்றி இளம் மருத்துவர்கள் பேசத் தொடங்கினார்கள். வேலைப் பண்பாட்டை ஆராய ஒரு பணிக்குழுவைச் சுகாதார அமைச்சு அமைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு காட்சி. 2021 ஜூலை. பெருந்தொற்று உச்சத்தில் இருந்தது. அரிசி தீர்ந்த வீடுகள் ஜன்னலில் வெள்ளைக் கொடி கட்டின. கொடியைப் பார்த்த அக்கம்பக்கத்தார் இனம் பார்க்காமல் மூட்டை தூக்கிப் போனார்கள். அதே மாதம் 26ஆம் தேதி, நாடு முழுவதும் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் வார்டுகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். 2016 டிசம்பரில் தொடங்கிய ஒப்பந்த முறையில் நிரந்தர வேலை உறுதி இல்லை, மேற்படிப்புக்கான வழி தெளிவில்லை என்பது அவர்கள் குறை. வீட்டுக்குள் பசித்தவனுக்குக் கொடி கட்ட ஜன்னல் இருந்தது. வார்டுக்குள் களைத்தவனுக்கு நடுத்தெருதான் இருந்தது.

தாதியர் கதையும் வேறல்ல. ஷிப்ட் தாதியருக்கு வாரம் 45 மணி நேர வேலை என்று 2024இல் அறிவிப்பு வந்தபோது எழுந்த எதிர்ப்பில், அது தள்ளிவைக்கப்பட்டது. மூன்று மணி நேரம் கூடினால் என்ன என்று வெளியிலிருந்து கேட்கலாம். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெண்ணிடம் அந்த மூன்று மணி நேரத்தைக் கேட்க வேண்டும்.

மாணவப் பருவத்திலேயே இந்தக் களைப்பு தொடங்கிவிடுகிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஓர் அறிக்கை, மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருப்பதாகச் சொன்னது. நால்வரில் ஒருவர். பாட்டியின் கட்டிலைச் சுற்றி நான்கு மாணவர்கள் நின்றால், பாட்டியோடு சேர்த்துச் சராசரியாக இருவருக்கு வைத்தியம் தேவைப்படலாம்.

சர்க்கரைக்கும் இரக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

"இரக்கம் இருந்தா நல்லதுதான். ஆனா எனக்குத் தேவை திறமையான டாக்டர்" என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு என்ற நினைப்பு அதில் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

ஹோஜாத்தும் கூட்டாளிகளும் 29 குடும்ப மருத்துவர்களையும், அவர்களிடம் வைத்தியம் பார்த்த 891 நீரிழிவு நோயாளிகளையும் ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். பரிவு மதிப்பெண் உயர்ந்த மருத்துவர்களிடம் போனவர்களில் 56 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. மதிப்பெண் குறைந்த மருத்துவர்களிடம் போனவர்களில் அது 40 விழுக்காடு.

எப்படி என்று யோசித்தால் அதில் மந்திரம் ஏதும் இல்லை. பாட்டி இன்சுலின் ஊசியை ஏன் விட்டுவிடுகிறார்? ஊசி போட்டபின் சாப்பிடத் தாமதமானால் மயக்கம் வருகிறது. மகள் தொழிற்சாலை ஷிப்டு முடிந்து வருவதற்குள் சோறு ஆக ஒன்பதாகிவிடும். இதைப் பாட்டி யாரிடம் சொல்வார்? ஏசாதவரிடம். உட்கார்ந்து கேட்பவரிடம். "ஏன் ஒழுங்கா ஊசி போடல?" என்று அதட்டுபவரிடம் "போட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அந்தப் பொய் கோப்பில் ஏறும். அளவு கூட்டப்படும். வீட்டில் மயக்கமும் கூடும். இரக்கம் இல்லாத இடத்தில் உண்மையான தகவலே கிடைக்காது. தகவல் இல்லாமல் திறமை எதை வைத்து வேலை செய்யும்?

■ பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது

• 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு.
• இத்தாலியின் பார்மாவில் 242 மருத்துவர்கள், 20,961 நீரிழிவு நோயாளிகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வு: பரிவு மிகுந்த மருத்துவர்களின் நோயாளிகளில் 1,000 பேருக்கு 4 பேர்தான் சர்க்கரையின் கடும் பின்விளைவால் மருத்துவமனையில் சேர்ந்தனர். பரிவு குறைந்தவர்களிடம் 6.5 பேர்.


முதல் வரியை இன்னொரு முறை படியுங்கள். இந்த நாட்டில் இரக்கம் குறைந்தால் முதலில் காலை இழப்பது நம் ஆட்கள்.

எல்லா வலியும் 'சாக்கிட்' அல்ல

பாட்டிக்கு மலாய் தெரியும். சந்தை மலாய். அதில் எல்லா வலிக்கும் ஒரே சொல்தான்: சாக்கிட். மலாய் மொழியில் பெடே, ஙிலு, செனாக், செங்கால் என்று வலிக்கு எத்தனையோ நுணுக்கமான சொற்கள் உண்டு. அவை பாட்டிக்குத் தெரியாது. பாட்டியின் தமிழில் இருக்கும் சொற்கள் மாணவர்களுக்குத் தெரியாது. தமிழ் தெரிந்த பையனுக்கும் அன்று '7' தான் தேவைப்பட்டது. எரிச்சலும் சுருக்கும் நரம்பு கெட்டிருப்பதன் அடையாளம் என்று புத்தகத்தில் படித்திருப்பான். பாட்டி அதைத்தான் சொன்னார். தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

■ பெட்டிச் செய்தி: வலியின் தமிழ்

எரியுது, மதமதன்னு இருக்கு: நரம்பைப் பற்றிய சேதியாக இருக்கலாம்.
விண்ணு விண்ணுன்னு தெறிக்குது: சீழ் கட்டும் இடத்தில் கேட்கும் பேச்சு.
நெஞ்சு கரிக்குது: பெரும்பாலும் வயிற்றுப் புளிப்பு. நெஞ்சை அழுத்துது என்றால் உடனே ஓட வேண்டும்.
சுருட்டிப் பிடிக்குது: வயிற்றுக்குள் முறுக்கும் வலி.
குடையுது, கடுக்குது, இழுக்குது, குத்துது: ஒவ்வொன்றும் வேறு வேறு. பத்துக்கு ஏழு என்பதில் எல்லாம் ஒன்றாகிவிடும்.

நோயாளியின் மொழியில் மருத்துவம் படிக்க வேண்டும் என்பதை நமக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்களைத் தமிழிலேயே மருத்துவம் படிக்க வைத்தார். உடற்கூற்றியல் முதலான நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் பட்டணத்து வேலை தேடிப் போய்விட, கிராமத்தில் நோயாளியோடு தங்குபவர்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு.

பின்னாளில் யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவுக்கு வந்து தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தார்கள். தோட்டத்து டிரெசரை (மருத்துவ உதவியாளரை) நம் மூத்த தலைமுறை இரண்டு விதமாக நினைவில் வைத்திருக்கிறது. எல்லா நோய்க்கும் ஒரே மிக்சர் ஊற்றி, வேலைக்குப் போ என்று விரட்டியவர் ஒருவர். நடு இரவில் லயத்துக்கு லாந்தரோடு வந்து பிரசவம் பார்த்தவர் இன்னொருவர். இருவருக்கும் தெரிந்தது ஒரே தமிழ்தான். ஆக, மொழி கதவைத் திறந்துவிடும். உள்ளே போவதும் போகாததும் ஆளைப் பொறுத்தது.

இரக்கத்துக்கு எல்லை போடுபவர்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை விடுதிகளில் நேப்பாளத்தவர், வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், மியன்மார்க்காரர் என்று பலர் தங்கியிருக்கிறார்கள். நாட்டவர் அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கொடுத்துப் பார்க்கும் இடத்தில், அவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. ஆவணம் இல்லாதவர் வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2001இல் ஒரு சுற்றறிக்கையும் வந்தது.

கொள்கை பற்றி இரு பக்கமும் வாதம் உண்டு. வெளிநாட்டவருக்கு வரிப்பணம் எதற்கு என்பவர்களும் இருக்கிறார்கள். மாணவனின் இடத்தில் நின்று பாருங்கள். காலையில் வகுப்பில், நோயாளி யாராக இருந்தாலும் நோயாளிதான் என்று படிக்கிறான். மதியம் கவுண்டரில், முன்பணம் இல்லாததால் தயங்கி நிற்கும் இளைஞனைப் பார்க்கிறான். கருணைக்கு முன் ஒரு கேள்வித்தாள் உண்டு என்பதை அவன் அங்கே கற்றுக்கொள்கிறான். இன்று பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சுருங்கும் கண், நாளை தோல் நிறத்தையும் சட்டை அழுக்கையும் பார்த்துச் சுருங்காது என்று யாரும் உறுதி தர முடியாது. நம் பாட்டனும் ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய கூலிதான்.

நனைக்கத் தெரிந்த சிலர்

வழிகள் இல்லாமல் இல்லை. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் 2012 முதல் 'மௌன ஆசான்' என்ற திட்டத்தை நடத்துகிறது. தைவானின் சூச்சி அறநிறுவனம் காட்டிய வழி. உடலைத் தானம் செய்தவரைப் பிணம் என்று சொல்வதில்லை; ஆசான். அவரை வைத்து அறுவை பழகும் முன் மாணவர்கள் அவர் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரோடு உட்கார்ந்து, அவர் எப்படி வாழ்ந்தார், என்ன வேலை செய்தார் என்று கேட்டு எழுதி வருகிறார்கள். முடிந்ததும் மரியாதையோடு வழியனுப்புகிறார்கள். கத்தி வைக்கும் முன் கதை கேட்பது இங்கே பழக்கம். உயிரோடு கட்டிலில் இருப்பவரின் கதையைக் கேட்கவும் அதே நேரத்தை ஒதுக்கினால் எப்படி இருக்கும்?

இந்தியாவில் 2019இல் எம்பிபிஎஸ் பாடத்திட்டம் மாறியபோது, மனப்பாங்கு, நெறி, பேச்சுத்தொடர்பு ஆகியவற்றை முதல் ஆண்டிலிருந்தே படிக்கும்படி வைத்தார்கள். தாளில் நல்ல மாற்றம். ஆனால் வகுப்பில் படித்ததை வார்டு மறக்கடித்துவிட்டால் என்ன செய்வது?

அதற்கு விடை தேடியவர்களில் பாஸ்டன் வழக்கறிஞர் கென்னத் சுவார்ட்ஸ் ஒருவர். நாற்பது வயதில் நுரையீரல் புற்றுநோய். 1995இல் இறப்பதற்கு முன், தாதியும் மருத்துவர்களும் தன்னிடம் காட்டிய சிறு சிறு பரிவுகளே தாங்க முடியாததைத் தாங்க வைத்தன என்று எழுதிவைத்தார். அவர் பெயரில் அமைந்த மையம் தொடங்கிய கூட்டங்கள் இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் நடக்கின்றன. மாதம் ஒருமுறை, பேராசிரியர் முதல் வார்டு ஊழியர் வரை உட்கார்ந்து, எந்த நோயாளி தங்களை அழ வைத்தார், எந்த நாளில் கை நடுங்கியது என்று பேசுவார்கள். மேலிருப்பவர் "எனக்கும் அன்று தூக்கம் வரவில்லை" என்று சொல்வதைக் கேட்கும் மாணவன், கலங்குவது குற்றமில்லை என்று தெரிந்துகொள்கிறான்.

இன்னொரு செய்தி ஜெர்மனியின் லைப்சிக்கிலிருந்து. மூளை ஆய்வாளர் தானியா சிங்கர், பிறர் வலியைத் தன் வலியாக உணர்வதும், வலிப்பவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று விரும்பிக் கை நீட்டுவதும் ஒன்றல்ல என்று காட்டினார். முதலாவது ஆளைக் களைக்க வைக்கிறது. இரண்டாவது தெம்பு தருகிறது. பயிற்சியால் வளரவும் செய்கிறது. அழுதுகொண்டே நிற்பவளைவிட, போர்வையைத் தூக்கி மடித்துவிட்டவள் நீண்ட நாள் தாக்குப்பிடிப்பாள். அவளை நிற்க விட்டால்.

கண் ஓடும் திசை

'கண்ணோட்டம்' என்ற சொல்லை இன்று நாம் 'பார்வைக் கோணம்' என்ற பொருளில் எழுதிக்கொண்டிருக்கிறோம். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்கு அந்தப் பெயர். அங்கே பொருள் வேறு: எதிரில் இருப்பவர்மேல் கண் போய் நிற்பதால் பிறக்கும் இரக்கம். கருணைக்குக் கண்ணை வைத்துப் பெயர் வைத்தது நம் மொழி. அதே நூலின் 'மருந்து' அதிகாரம் முடியும்போது வைத்தியத்தை நான்காகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து கவனிப்பவர். நாலாவது ஆளை மருந்துக்குச் சமமாக உட்கார வைத்த கணக்கு அது. அந்த நாலாவது ஆள் இன்று பல வார்டுகளில் ஒரு மாணவி. அவள் கண் எங்கே ஓட வேண்டும் என்பதைக் கடிகாரமும், கட்டம் போட்ட தாளும், மூத்தவரின் குரலும் தீர்மானிக்கின்றன.

மூன்றாம் நாள் மாலை நான் போனபோது அதே பெண் வந்தாள். பட்டையைச் சுற்றினாள். காற்று ஏறும் சத்தத்துக்கிடையில் பாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. உதடு வறண்டிருந்தது.

"சுடா மாக்கான்?" என்றார் பாட்டி. சாப்பிட்டாயா?

அந்த வார்டில் அவளை அப்படிக் கேட்டவர் வேறு யாராவது இருந்தார்களா, தெரியவில்லை. அவள் எண்ணைக் குறிக்க எடுத்த பேனா நின்றது. "பெலும், பாட்டி" என்றாள். இன்னும் இல்லை.

மகள் கொண்டுவந்த டப்பாவிலிருந்து இரண்டு இட்லியை மூடியில் வைத்து, பாட்டி மேசை ஓரத்துக்கு நகர்த்தினார். அவள் வேண்டாம் என்று தலையசைத்துச் சிரித்தாள். நடைவழியை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குனிந்து, நழுவியிருந்த போர்வையை மறுபடியும் கட்டில் கம்பியில் மடித்துவிட்டாள்.